1966 ஆம்ப் என்று சொல்லி 1,35,000 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள் – பழைய வால்வு ஆம்ப் தேடுகிறவர்கள் படியுங்கள்

1,35,000 ரூபாய் போய்விட்டது. கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டிதான் ஆம்ப். நான் வாங்கின அந்த ஆம்புக்குள் என்ன இருக்கிறது என்று நேற்று சாயங்காலம்தான் கண்ணால் பார்த்தேன். இன்று காலையில் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி பக்கம் கிட்டார் வாசிக்கிற பையன்கள் சிலர் இதே கடையில் விலை விசாரித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

புகார் கொடுக்கப்போவதால் கடையின் பெயரைப் போடவில்லை. எறணாகுளம் பக்கம் பழைய கிட்டார், ரெக்கார்ட் பிளேயர், வால்வு ஆம்ப் எல்லாம் வாங்கி விற்கிற இடம். அவ்வளவு போதும், தேடுகிறவர்களுக்குப் புரியும்.

கோயில் நோம்பி, கல்யாணக் கச்சேரி என்று கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாசித்துச் சேர்த்த பணம் அது. ரொம்ப நாளாக நான் தேடிக்கொண்டிருந்தது அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப். 22 வாட்தான், 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றுதான். ஆனால் அந்த இரண்டு 6வி6 வால்வும் (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்) சூடேறி, வால்யூமைக் கொஞ்சம் கூட்டினதும் ஒலி ஓரத்தில் லேசாக உடையும் பாருங்கள், அதை எந்த டிரான்சிஸ்டர் ஆம்பிலும் நான் கேட்டதில்லை. 1963-லிருந்து 1967 வரை கறுப்பு முகப்போடு வந்த செட்டுகளுக்குத்தான் உலகம் முழுக்க மதிப்பு. கடைக்காரர் 1966 செட் ஒன்று இருக்கிறது என்றார்.

நேரில் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார், ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார், ஆம்ப் ஏற்கெனவே சூடாகி நின்றது. கொஞ்ச நேரம் வாசித்தேன், நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் டார்ச் எடுத்துப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருந்த வால்வு சார்ட்டை, அதாவது எந்த இடத்தில் எந்த வால்வு என்று அச்சடித்த பேப்பரைக் காட்டினார். அதில் 'பிஹெச்' (PH) என்று இரண்டு எழுத்து முத்திரை. "தம்பி, பி-ன்னா 1966, ஹெச்-ன்னா எட்டாவது மாசம். ஃபெண்டர்காரன் போட்ட முத்திரை இது." அந்தக் கணக்கு உண்மைதான், எனக்கும் தெரியும். சேஸிஸை (பாகங்கள் எல்லாம் பொருத்தியிருக்கும் இரும்புச் சட்டம்) கழற்றி உள்ளே காட்டுங்கள் சேட்டா என்றேன். "உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல நிக்கும் தம்பி. பிளக்கைப் புடுங்கினாலும் கெபாசிட்டர்ல கரண்ட் இருக்கும். தொட்டா ஆள் காலி. உங்க வீட்டுல அழுவாங்க." அதுவும் உண்மைதான். இரண்டு உண்மையைச் சொல்லி ஒரு பொய்யை விற்றார் அந்த மனிதர்.

யுபிஐயில் ஒரு லட்சம், கையில் 35,000. மொத்தம் 1,35,000. பில்லில் 'யூஸ்டு ஆம்ப்ளிஃபயர் – 1' என்று மட்டும் எழுதினார். வருஷத்தையும் போடுங்கள் என்றதற்கு, பழைய சாமானுக்கு வருஷம் போட்டால் வரியில் சிக்கல் வரும் என்றார். கெபாசிட்டர் எல்லாம் புதுசு, வால்வு புதுசு, நம் ஊர் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இனாம் என்று தோளில் தட்டி அனுப்பிவைத்தார்.

முதல் கச்சேரியிலேயே 'ம்ம்ம்' என்று இரைச்சல். அரைமணி நேரம் போனதும் பின்னால் கருகல் வாடை. குனிந்து பார்த்தால், ஒரு பவர் வால்வின் தகடு நெருப்பாகப் பழுத்திருக்கிறது. இழை மங்கலாக எரிவது வேறு. தகடே சிவந்தால் வால்வு தாங்காமல் சாகிறது என்று அர்த்தம். ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். மீதிப் பாட்டுக்கெல்லாம் மைக் செட்டில் நேராகச் செருகி வாசித்தேன்.

அதற்கப்புறம் போன் மேல் போன். வண்டியில் குலுங்கியிருக்கும் என்றார். உங்கள் ஊரில் வோல்டேஜ் சரியில்லை என்றார். அவர் கொடுத்த ஸ்டெப்-டவுனில்தானே போட்டேன் என்றால், "அப்ப நீங்க தப்பா சொருகியிருப்பீங்க." கொண்டுவருகிறேன், சரிபண்ணிக் கொடுங்கள் என்றால், டெக்னீஷியன் லீவு. கடைப் பையன் எடுத்தால், "சேட்டன் டூர் போயிருக்கார்." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கடைசியாக ஒரே ஒரு வரி வந்தது: பழைய பொருளுக்கு கேரண்டி கிடையாது. 1,35,000 ரூபாய்க்கு அந்த ஒரு வரிதான் பதில்.

எங்கள் ஊரில் வால்வு ரேடியோ காலத்திலிருந்து வேலை பார்க்கும் ஐயா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். முதலில் ஒரு ரெசிஸ்டரை வயரில் பற்றவைத்து கெபாசிட்டரில் நின்ற கரண்டை இறக்கினார், மீட்டர் வைத்துப் பார்த்தார், பிறகுதான் கை வைத்தார். திறந்ததும் என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, இது கையில வயர் பண்ணுன செட்டுன்னுதானே சொன்னே? பிரிண்டட் போர்டு போட்டிருக்குதே."

1966 செட்டில் பிரிண்டட் போர்டு வரவே வராது. துளைகளில் பித்தளைக் கண் அடித்த அட்டையில், ஒவ்வொரு பாகத்தையும் கையால் பற்றவைத்திருப்பார்கள். பிரிண்டட் போர்டோடு இருப்பது, ஃபெண்டரே 1993-லிருந்து பழைய மாடலைப் போலச் செய்து விற்கிற மறுபதிப்பு. அதுவும் நல்ல ஆம்ப்தான், அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை 1966 என்று சொல்லி 1,35,000 வாங்கினதுதான் திருட்டு. வால்வு சார்ட்டின் ஓரத்தை ஐயா நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு பேப்பர். இரண்டு பவர் வால்வும் வேறு வேறு கம்பெனி. புதுசு என்ற கெபாசிட்டர்களில் ஒன்று உப்பி நின்றது. அந்தப் படத்தை எல்லாம் கடைக்காரருக்கு அனுப்பின பிறகுதான் பிளாக்.

பாலக்காடு நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கப்போகிறேன். கடை எங்கே இருந்தாலும், 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசியாயிற்று.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்கணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

சார்ட்டை நம்பாதீர்கள், பேப்பரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கும் எண்ணும், பொட்டன்ஷியோமீட்டர் (வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்கும் பாகம்) முதுகில் 137 அல்லது 304 என்று தொடங்கும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அடுத்து வரும் இலக்கங்களில் வருஷமும் வாரமும் இருக்கும். அமெரிக்க செட் 120 வோல்ட், நம் 230-ல் நேராகச் செருகவே செருகாதீர்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யாதீர்கள். வேலை தெரியாமல் நீங்களே திறக்காதீர்கள், அந்த 400 வோல்ட் விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. பில்லில் மாடலும் வருஷமும் எழுதவைத்த பிறகே பணம்.

இந்த வாரம் எறணாகுளத்துக்கு யாராவது அட்வான்ஸ் அனுப்ப இருந்தால் நிறுத்துங்கள். சேஸிஸுக்குள் எடுத்த படம் கேளுங்கள். எனக்கு அனுப்பினால் ஐயாவிடம் காட்டி அன்றைக்கே பதில் சொல்கிறேன்.