செயற்கைக் கை ஏன் கனக்கிறது? நெடுநாள் பயன்படுத்துவோருக்கான குறிப்புகள்

முழங்கைக்குக் கீழே கை இழந்தவர்களிடம் செயற்கைக் கையைப் பற்றிக் கேட்டால், முதலில் வரும் புகார் கனம்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் முன்கையும் கையும் சேர்ந்து ஏறத்தாழ 1.3 கிலோ இருக்கும். அதை யாரும் கனமென்று நினைத்ததில்லை. மோட்டார் வைத்த செயற்கைக் கை 1 கிலோவை ஒட்டி இருந்தாலும் மதியத்துக்குள் தோள் கழன்றுவிடும்போல இருக்கும். சொந்தக் கை எலும்பிலும் தசையிலும் தொங்குகிறது. இது தோலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அதனால் கனம் கூடிவிட்டதாகத் தோன்றினால் முதலில் சாக்கெட்டை, அதாவது எஞ்சிய கை நுழைந்து உட்காரும் கூட்டைப் பாருங்கள். அது தளர்ந்து மேலும் கீழும் நழுவினால், அரைக் கிலோ கைகூட யாரோ கட்டிவிட்ட சுமையாகத்தான் தெரியும்.

அறுவைக்குப் பிறகு முதல் ஒரு வருடத்தில் ஸ்டம்ப், அதாவது எஞ்சிய கைப்பகுதி, சுருங்கிக்கொண்டே வரும். அதன்மேல் பருத்தி உறை ஒன்றைக் கூடுதலாகப் போட்டுச் சமாளிக்கலாம். மேலே மேலே உறை ஏற்றித்தான் இறுக்கம் வருகிறதென்றால் புது சாக்கெட்டுக்கு நேரம் வந்துவிட்டது. கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும். பரவலான சிவப்பு 20 நிமிடத்தில் மறைந்தால் கவலையில்லை. எலும்பு முனையில் மட்டும் திட்டாகச் சிவந்து மறையாமல் நின்றால், அந்த இடத்தில் சாக்கெட்டைத் திருத்தும்வரை போடக் கூடாது. சித்திரை வெயிலில் உறை ஒரே நாளில் இரண்டு முறை நனையும்; பையில் ஒன்று உபரியாக இருக்கட்டும். இரவில் சாக்கெட்டின் உட்புறத்தை மிதமான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, காற்றாட வைத்தால் போதும்.

கை வடிவத்துக்குப் பதிலாக நுனியில் கொக்கி வைத்த, மோட்டார் இல்லாத செயற்கைக் கையும் உண்டு. அந்தக் கொக்கியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் வருடங்கள் கழிந்தபின் வேலைக்கு அதையே எடுப்பவர்கள் பலர். தானும் கையை இழந்தவரான டோரன்ஸ் 1912-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிளவுக் கொக்கியின் (இரண்டாகப் பிரிந்து திறந்து மூடும் கொக்கி) அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. முதுகின் குறுக்கே போய் நல்ல கையின் அக்குளைச் சுற்றும் பட்டை, அதிலிருந்து ஒரு கேபிள். கையை முன்னே நீட்டித் தோளைத் தள்ளினால் கொக்கி திறக்கும். விட்டால் ரப்பர் வளையம் இழுத்து மூடும். ஒரு வளையத்துக்குச் சுமார் அரைக் கிலோ பிடி. 2 வளையத்தில் தொடங்குவது நல்லது. காகிதம், தட்டு, சட்டைப் பொத்தான் எல்லாவற்றுக்கும் அது போதும். பிடி போதவில்லையென்று ஒரேயடியாக 6 வளையம் மாட்டினால், ஒவ்வொரு முறை திறக்கவும் தோள் அத்தனை பலத்தையும் இழுக்க வேண்டும். பட்டை அக்குளில் அழுந்தி, நல்ல கை மரத்துப்போகும். எண்ணெய் பட்ட ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும், ஆகவே சமையல் செய்கிறவர்கள் அடிக்கடி மாற்ற வேண்டும். கேபிள் வளையும் இடத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அன்றே மாற்றிவிடுங்கள்.

இந்தக் கேபிள்தான் கொக்கியைச் சொந்தமாக்குகிறது. எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, தோளில் உணரும் இழுவையே சொல்லிவிடும். கொக்கி முனை ஒல்லியாக இருப்பதால் பிடிக்கும் பொருளும் மறையாது. கை வடிவில் செய்த கையில் தடித்த விரல்கள் ஊசியை மறைத்துவிடும்.

மோட்டார் கையில் இந்தத் தகவல் திரும்பி வருவதில்லை. முன்கையின் உட்பக்கத் தசை இறுகினால் மூடும், வெளிப்பக்கத் தசை இறுகினால் திறக்கும். தோல்மேல் அழுந்தியிருக்கும் இரண்டு எலெக்ட்ரோடுகள் (தசையின் மின் சிக்னலை உணரும் சிறு உலோகத் தகடுகள்) அதைப் படிக்கின்றன. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை மோட்டாரின் சத்தத்தை வைத்துத்தான் கணிக்கிறார்கள். இரைச்சலான பேருந்தில் அதுவும் போய்விடும். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது சாக்கெட் சற்று விலகி, எலெக்ட்ரோடு தோலை விட்டுக் கிளம்பும். பிடித்த டம்ளர் விழும். லேசான ஈரம் சிக்னலுக்கு நல்லது, வழியும் வியர்வை கெடுத்துவிடும். உணர்திறனைக் கூட்டி வைத்தால் கை தானாகத் திறக்கும், குறைத்து வைத்தால் மாலைக்குள் தசை சோர்ந்துவிடும். வெளியுறை பி.வி.சி. என்றால் மஞ்சள் கறையும் பேனா மையும் ஏறினால் போகவே போகாது. சிலிக்கோன் உறையில் கறை அவ்வளவு பிடிக்காது, விலைதான் அதிகம்.

கை தன்னுடையதா என்பதை மூளை எப்படி முடிவு செய்கிறது என்பதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. மறைத்துவைத்த உண்மைக் கையையும் கண்முன் இருக்கும் ரப்பர் கையையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், ரப்பர் கையையே தன் கையாக உணர்கிறார்கள். 1998-ல் வெளிவந்த ஆய்வு அது. 2008-ல் கை இழந்தவர்களிடமும் ஸ்டம்பை வருடி இதைக் காட்டினார்கள். இரு வருடலும் ஒன்றுக்கொன்று முன்பின்னாகிவிட்டால் அந்த உணர்வு குலைந்துவிடும். நினைத்ததற்கும் அசைவதற்கும் இடைவெளி விழும் கை, எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் அந்நியமாகவே நிற்பது இதனால்தான்.

இல்லாத கையின் உணர்வும் இதில் குறுக்கிடும். சிலருக்கு அந்தக் கை செயற்கைக் கைக்குள் சரியாகப் போய் உட்காரும். சிலருக்கு விரல்கள் சுருங்கி ஸ்டம்பின் நுனியிலேயே ஒட்டியிருப்பதாகத் தோன்றும். அவர்களுக்குச் செயற்கைக் கை ஒட்டாமல் நெடுநாள் தனியாகவே இருக்கும். இல்லாத கை முஷ்டி பிடித்து வலித்தால், தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கொண்டுவந்த கண்ணாடிப் பயிற்சியைச் செய்து பார்க்கலாம். நெஞ்சின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, ஸ்டம்பைப் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி நல்ல கையையும், மனத்தளவில் இல்லாத கையையும் மெல்ல விரிக்க வேண்டும். தினமும் 10, 15 நிமிடம். மோதிரமும் கடிகாரமும் கழற்றியிருக்க வேண்டும். கண்ணாடியில் அவை தெரிந்தால் மூளை நம்பாது.

பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் செயற்கைக் கையைக் கைவிடுகிறார் என்று 2007-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. கொக்கிக்கு 26 சதவீதம், மோட்டார் கைக்கு 23. விலை வித்தியாசத்துக்கு இந்த இடைவெளி மிகச் சிறியது. கை போய் முதல் 30 நாளுக்குள் பொருத்தினால் பழகிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். ஒரு கையால் சமாளிக்கப் பழகிவிட்டால், பிறகு எது கொடுத்தாலும் இடைஞ்சல்தான்.

புதிதாக எடுப்பவர்கள் உறுதியான சாக்கெட்டுக்கு முன் கண்ணாடிபோலத் தெரியும் சோதனைச் சாக்கெட் கேளுங்கள். தோல் எங்கே வெளுக்கிறது, எங்கே இடைவெளி விழுகிறது என்று வெளியிலிருந்தே தெரியும். கையைத் தொங்கவிட்டு, மடக்கி, முன்னே நீட்டி, தலைக்கு மேல் தூக்கி நான்கு நிலையிலும் திறந்து மூடிப் பாருங்கள். 1 கிலோ பையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை. நழுவினால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். லேமினேஷன், அதாவது துணி அடுக்குகளில் பிசின் ஏற்றி இறுதிச் சாக்கெட்டை இறுக வைக்கும் வேலை, முடிந்தபின் உள்ளளவை அதிகம் மாற்ற முடியாது.