யாபுவா, மட்சுயாவா?

டோக்கியோவில் பழைய ஊர் வாசனை வேண்டும் என்றால் எல்லோரும் அசகுசாவுக்குத்தான் வழி சொல்வார்கள். என் ஓட்டு காண்டா சுடாச்சோவுக்கு. அகிஹபாராவின் கூச்சலிலிருந்து பத்து நிமிஷத்துக்குள் நடந்துவிடலாம். 1945 குண்டுவீச்சில் தப்பிய சில தெருக்கள் இவை. ஆங்கோ மீன் சட்டிக்கு இசெகென், கோழிக்கு போத்தன், இனிப்புக்குத் தகெமுரா, எல்லாம் கூப்பிடு தூரம். சோபாவுக்கு, அதாவது பக்வீட் மாவு நூடுல்ஸுக்கு, மட்டும் இரண்டு கடை. சிக்கலே அங்குதான்.

யாபு சோபா 1880இல் தொடங்கியது, மட்சுயா 1884இல். வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் யாபுவின் பழைய கட்டிடம் 2013 பிப்ரவரியில் தீப்பிடித்தது. இப்போது இருப்பது 2014இல் திறந்த புதுக்கட்டிடம். மட்சுயாவோ, 1923 நிலநடுக்கத்துக்குப் பின் 1925இல் கட்டிய அதே மரவீட்டில் நடக்கிறது. கட்டிடம் பார்க்கப் போகிறவருக்குத் தீர்ப்பு இத்தோடு முடிந்தது.

ஆனால் யாபுவில் தீயால் எரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. நாம் கேட்டதைக் கல்லாவில் இருக்கும் பெண் சமையலறைக்கு ராகம் இழுத்துச் சொல்கிறார். அதைக் கேட்கவே இன்னொரு தட்டு சொல்லலாம். சொல்லத்தான் வேண்டியிருக்கும், லேசாகப் பச்சை ஓடிய அந்த சோபா, மூங்கில் தட்டில் கொஞ்சமாகத்தான் வரும். தொட்டுக்கொள்ளும் சோயா சாஸ் சாறான ட்சுயுவில் உப்பு தூக்கல். நுனியை மட்டும் நனைத்து, சத்தத்தோடு உறிஞ்ச வேண்டும். வீட்டில் அப்படி உறிஞ்சினால் திட்டு விழும், இங்கே அதுதான் முறை.

மட்சுயாவில் கையால் பிசைந்து வெட்டிய சோபா. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் நெருக்கி உட்கார வேண்டும். பக்கத்து ஆள் மதியமே சாக்கே என்னும் அரிசி மதுவை ஊற்றிக்கொண்டிருப்பார். எள் ட்சுயுவோடு வரும் சோபா எனக்குப் பிடித்தது.

சைவர்களுக்கு இரண்டு இடமும் சங்கடம்தான். ட்சுயுவின் உயிரே கட்சுவோபுஷி. நம் மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதே சூரை மீன். பக்வீட் ஒவ்வாமை உள்ளவர்கள் வாசலோடு திரும்பிவிடுவது நல்லது.

கடைசியில் சோபா வேகவைத்த நீர் சூடாக வரும். மிச்ச ட்சுயுவில் ஊற்றிக் குடித்தால், வடிகஞ்சி குடித்த சுகம்.

அப்பா அம்மாவோடு போனால் யாபு, நிதானமாக உட்காரலாம். தனியாக, நல்ல பசியோடு போனால் யோசிக்காமல் மட்சுயா.