காரா வழியாக ஆறு வயதுக் குழந்தையைத் தத்தெடுத்தோம்: ஒன்றரை வருட அனுபவம்

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறை. மாவட்டம் பாலக்காடு என்றாலும் வீட்டில் தமிழ், கடைவீதியில் தமிழ், ஆபீஸ் காகிதங்களில் மட்டும் மலையாளம். ஒன்றரை வருடத்துக்கு முன்பு, மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளம் வழியாக, ஆறு வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுத்து வந்தோம். எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள் நிறையப் பேர் போன் செய்து கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதை மொத்தமாக எழுதிவிடுகிறேன். குழந்தையின் பெயரையும் படத்தையும் போடமாட்டேன். குட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வயதுக் கணக்கு. கணவன், மனைவி இருவர் வயதையும் கூட்டுவார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தை வேண்டுமென்றால் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை 90, நான்கிலிருந்து எட்டு வரை 100. பதிவு செய்தபோது எனக்கு 43, அவருக்கு 48. மொத்தம் 91. ஒரே ஒரு வயதில் சின்னக் குழந்தை கைவிட்டுப் போய்விட்டதே என்று அன்று ராத்திரி அழுதேன். அந்த ஒரு வயது குறைவாக இருந்திருந்தால் குட்டி எங்களிடம் வந்திருக்கவே மாட்டாள்.

பான், ஆதார், வருமானச் சான்று, மருத்துவச் சான்று, தெரிந்தவர்கள் இருவரின் கடிதம் எல்லாம் ஒரு வாரத்தில் சேர்ந்துவிட்டன. மாட்டிக்கொண்டது திருமணச் சான்றில்தான். 2004ல் பொள்ளாச்சிப் பக்கம் கோயிலில் நடந்த கல்யாணம். அப்போது எங்கள் பக்கத்தில் யார் பதிவு செய்தார்கள்? அவருடைய ஒரு சான்றில் இனிஷியல், இன்னொன்றில் வீட்டுப்பெயர். இரண்டு மாதம் எல்லைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் அலைந்தோம். எல்லையோரத்தில் இருப்பவர்கள் இதை முதல் வேலையாக முடித்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒருவர் வீடு தேடி வந்து, இத்தனை லட்சம் கொடுத்தால் பிறந்த குழந்தையே கிடைக்கும் என்றார். எழுந்து போகச் சொன்னார் என் கணவர். குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. அதைவிட, நாளைக்கு அந்தக் குழந்தை வளர்ந்து கேட்டால் என்ன பதில் சொல்வது? காரா வழியில் கட்டணம் எவ்வளவு என்று இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

வீட்டை ஆய்வு செய்ய ஒரு சமூகப் பணியாளர் வந்தார். சின்ன வயதுப் பெண். எங்களிடம் பேசிவிட்டு அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், தனியாகப் பேச வேண்டும் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அத்தை மறைக்கவில்லை. “எங்க வம்சத்துல இதுவரைக்கும் இப்படி இல்லீங்க. எனக்கு மனசு ஒப்பல. ஆனா தடுக்கவும் மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணோ, “உள்ளதைச் சொன்னாங்க, எனக்கு அதுதான் வேணும்” என்றார். மனசிலிருப்பதை அத்தை அன்று சொல்லிவிட்டது பின்னால் எங்களுக்கு எவ்வளவு உதவியது என்பது வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பதிவு செய்த பதினோராவது மாதம் குழந்தையின் விவரம் வந்தது. கைக்குழந்தை கேட்பவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பெரிய குழந்தையைக் கேட்பவர்கள் குறைவு என்பதால் எங்களுக்குச் சீக்கிரம். நாடு முழுக்கவே 2024-25ல் நடந்த தத்தெடுப்பு 4,515தான். விவரம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். ஒரு படம், எம்இஆர் என்கிற மருத்துவ அறிக்கை, சிஎஸ்ஆர் என்கிற குழந்தை பற்றிய அறிக்கை. மருத்துவ அறிக்கையில் எடை, தடுப்பூசி எல்லாம் துல்லியமாக இருந்தன. பொள்ளாச்சியில் எங்கள் டாக்டரிடமும் காட்டினோம். சிஎஸ்ஆரில், அம்மாவும் அப்பாவும் இறந்துவிட்டார்கள், எடுத்து வளர்க்க உறவினர் இல்லை, அமைதியான குழந்தை, கூச்ச சுபாவம் என்று எழுதியிருந்தது. குணத்தைப் பற்றி அந்த ஒரு வரிதான்.

என்னுடைய ஒரே பெரிய குறை இந்த இடத்தில்தான். சட்டத்துக்கு வேண்டியதெல்லாம் கோப்பில் இருக்கிறது. வீட்டுக்கு வந்த அன்றைக்கு ராத்திரி குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தேவையான விவரம் எதுவும் அதில் இல்லை.

தெற்கே ஒரு மாவட்டத்தில் இருந்த இல்லத்துக்கு ஆடி மாதம் போய் அழைத்து வந்தோம். புது கவுன் போட்டு, புதுப் பை கொடுத்து அனுப்பினார்கள். கார் ஏறும்போது அழவில்லை. வழியெல்லாம் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடியே வந்தாள். எங்கள் ஊரில் ஆடியில் கணவாய்க் காற்று தென்னையைப் பிடித்து ஆட்டும். ராத்திரி அந்தச் சத்தம் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் அவரும் தரையில் படுத்துக்கொண்டோம். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பொன்னி அரிசிச் சோறு, பருப்பு, நெய் என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். தட்டைப் பார்த்தபடியே இருப்பாள். நான்காம் நாள் அந்த இல்லத்துக்குப் போன் செய்து, அவளைப் பார்த்துக்கொண்ட ஆயாவிடம் கொடுக்கச் சொன்னேன். ஆயா மலையாளத்தில் மடமடவென்று சொன்னார்: அவளுக்கு மட்டை அரிசிக் கஞ்சியும் பச்சைப்பயறும்தான். விளக்கை அணைக்கக் கூடாது. தூங்கும்போது ஒரு பழைய பச்சைத் துண்டு வேண்டும். அந்தத் துண்டு எங்கே என்றேன். கிழிந்துபோனதைக் கொடுத்தனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று அங்கேயே வைத்துவிட்டார்களாம். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அப்புறம் நானே திரும்பக் கூப்பிட்டு ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்ன செய்வார்? மறுநாள் விடியற்காலை பஸ் பிடித்துப் போய், ராத்திரி அந்தத் துண்டோடு திரும்பி வந்தார் என் கணவர். துண்டைக் கண்டதும் முகத்தில் வைத்து முகர்ந்தாள். அன்றுதான் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

பேச்சு மட்டும் வரவில்லை. சமூகப் பணியாளர் முன்கூட்டியே எனக்கு ஒன்று சொல்லியிருந்தார்: “அம்மான்னு கூப்பிடுன்னு கேட்காதீங்க. அவளுக்கு ஏற்கெனவே ஒரு அம்மா இருந்தாங்க.” கேட்கவில்லை. நாற்பது நாள் போனது. ஒரு மதியம் அத்தை திண்ணையில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அத்தை அவளைக் கூப்பிடவும் இல்லை, விரட்டவும் இல்லை. தானாகவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தை உரித்த பருப்பை அவள் கையில் போட்டுக்கொண்டே வந்தார். கை நிறைந்து வழிந்தபோது “மதி” என்றாள். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அவள் பேசிய முதல் வார்த்தை. என்னிடம் பேசாமல் அத்தையிடம் பேசினாளே என்று ஒரு நிமிஷம் நெஞ்சு வலித்தது உண்மை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த கடலையை எடுத்தார். இப்போது அவரை அப்பத்தா என்று கூப்பிடுகிறாள். ராத்திரி துண்டோடு போய் அவர் பக்கத்தில்தான் படுக்கிறாள்.

பள்ளிக்கூடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் போன இடத்தில் குழந்தை பக்கத்தில் நிற்கும்போதே “ஆர்ஃபனா?” என்று கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டோம். இப்போது படிக்கும் அரசுப் பள்ளியில் டீச்சருக்குத் தமிழும் மலையாளமும் சமமாக வரும். எந்த மொழியில் பதில் சொன்னாலும் திருத்துவதில்லை.

தத்து உத்தரவு முன்பெல்லாம் நீதிமன்றத்தில் வாங்க வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். உத்தரவுக்குப் பிறகு எங்கள் பெயர் போட்டுப் பிறப்புச் சான்றும் கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். மூன்று தடவை வந்தாகிவிட்டது. அதே பெண்தான். குட்டியோடு தனியாக உட்கார்ந்து, அவள் பேசாவிட்டாலும் அவளோடு சேர்ந்து படம் வரைந்துவிட்டுப் போவார். கண்காணிக்க வருகிறார்கள் என்று பயப்படவேண்டாம். எனக்கு அந்த மூன்று சந்திப்பும் பெரிய தைரியம்.

இந்த வழியில் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போங்கள் என்பேன். ஆனால் பெரிய குழந்தை என்றால் இல்லத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆயாவோடு அரை மணி நேரம் உட்காருங்கள். என்ன சாப்பிடுவாள், எப்படித் தூங்குவாள், எதற்குப் பயப்படுவாள், அங்கே என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய துணி, உடைந்த பொம்மை எதுவானாலும் அவளுடையதைக் கேட்டு வாங்கி வாருங்கள். ஆயாவைக் கூப்பிட்டுப் பேச இல்லத்தில் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் மாதம் ஒருமுறை இன்னமும் கூப்பிடுகிறோம். குட்டி போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள், ஒரு வார்த்தை பதில் சொல்லமாட்டாள். அந்தப்பக்கம் ஆயா அதற்காக நிறுத்தாமல், இல்லத்து மாமரம் காய்த்தது வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார்.