அந்தமானில் குடும்பத்தோடு தங்க எது தோது: ரிசார்ட்டா, ஹோம்ஸ்டேயா, நகரத்து ஹோட்டலா?

“கடலைப் பாக்கத்தானே போறீங்க? தரங்கம்பாடி ஒரு மணி நேரத்துல இருக்கு. அதுக்கு எதுக்கும்மா ஏரோப்ளேன்?” மயிலாடுதுறை வீட்டு முற்றத்தில் மாமியார் இப்படிக் கேட்டபோது எங்களிடம் நல்ல பதில் இல்லை. கேட்டவரையும் கூட்டிப்போவதென்று முடிவானது. இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர், முட்டிவலியோடு எழுபதைத் தாண்டிய அவர். ஐந்து பேர் என்றதுமே அறைக் கணக்கு மாறிவிட்டது.

அதற்கு முன்பு ஒரு தடவை நாங்கள் நாலு பேர் மட்டும் போய் ரிசார்ட்டில் தங்கியிருந்தோம். அந்த அனுபவத்தையும் இந்த இரண்டாம் பயணத்தையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ரிசார்ட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் ஏமாந்தோம். ஹேவ்லாக் தீவு, இப்போதைய பெயர் ஸ்வராஜ் த்வீப். அங்கே ரிசார்ட்டுகளில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில், கோவிந்த் நகர், விஜய நகர் பக்கம் இருக்கின்றன. குடிலுக்கு முன்னால் நீலத் தண்ணீர் தளும்பும் படத்தைப் பார்த்துப் பணம் கட்டினோம். போய் இறங்கிய மதியம் கடலைக் காணவில்லை! கடல் வெகுதூரம் உள்வாங்கி, முழுக்கப் பாறையும் செத்த பவளமும் சேறும். பெரியவன் காலைக் கிழித்துக்கொண்டான். “சாயங்காலம் தண்ணி வந்துடும் சார்” என்றார் வரவேற்பில் இருந்தவர். வந்தது, இருட்டிய பிறகு.

அவர் பொய் சொல்லவில்லை. நம் நாகப்பட்டினக் கரையில் கடல் ஏறி இறங்கும் ஏற்றவற்றம் கண்ணுக்கே தெரியாது. அந்தமானில் அது ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரை போகும். தட்டையான பவளப்பாறைக் கரையில் அந்த இரண்டு மீட்டர் இறங்கினால் குளிக்க இடமே இருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் ஏறும், அதிகம் இறங்கும். நாம் நல்ல காரியத்துக்குத் தள்ளிவைக்கிற அஷ்டமி, நவமியை ஒட்டித்தான் இந்த வித்தியாசம் குறைவு. அதனால் பிள்ளைகளோடு கிழக்குக் கரையில் தங்குவதானால் அந்தத் தேதிகளே தோது. (மாமியார் அஷ்டமியில் வாசல் தாண்டமாட்டார். சப்தமியிலேயே கிளம்பினோம்.)

அதே தீவின் மேற்குக் கரையில் ராதாநகர் கடற்கரை இருக்கிறது. மணல் சரிவு, கடல் வற்றியிருந்தாலும் இறங்கலாம், உயிர்காப்பாளர்கள் உண்டு, சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் 2020இல் கிடைத்தது. ஆனால் அந்தப் பக்கம் தங்குமிடங்கள் குறைவு, இருப்பவற்றில் வாடகை எகிறும். அப்புறம் வரி. ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்குள் என்றால் 5. ஐந்து பேருக்கு ஒரே பெரிய குடில் எடுப்பதைவிட, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாதாரண அறை எடுத்தால் வரியிலேயே கணிசமாக மிஞ்சும். பாட்டிக்குத் தனிக் கழிவறையும் கிடைத்துவிடும்.

நகரத்து ஹோட்டலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்தமான் தலைநகரான போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். தமிழ் பேசுபவர்கள் நிறைய, ஆஸ்பத்திரி பக்கம், ஏடிஎம் பக்கம். ஆனால் அங்கேயே தங்கி ஸ்வராஜ் த்வீப்புக்குப் போய்த் திரும்புவதானால், தனியார் வேகக் கப்பலில் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். அரசுக் கப்பல் இன்னும் மெதுவு. ஏப்ரல் கடைசியில்கூட அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கப்பலில் உட்கார்ந்தே பொழுது போய்விடும்.

மூன்றாவது வழி ஹோம்ஸ்டே, அதாவது ஊர்க்காரர் வீட்டிலேயே அறை எடுத்துத் தங்குவது. நீல் தீவில், அதாவது ஷஹீத் த்வீப்பில், இரண்டாம் பயணத்துக்கு இதையே எடுத்தோம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய வங்காளிக் குடும்பங்கள் வாழும் தீவு. அந்தமானுக்குக் காய்கறி இங்கிருந்துதான் நிறையப் போகிறது. நாங்கள் தங்கிய வீட்டைச் சுற்றி வாழை, பாக்கு, கொஞ்சம் தள்ளிக் கத்தரித் தோட்டம். முந்தைய ரிசார்ட்டின் ஒரு நாள் வாடகையில் இங்கே இரண்டு அறையோடு இரண்டு நாள் இருக்க முடிந்தது.

குறைகள் இல்லாமலில்லை. கடலுக்குப் பத்து நிமிட நடை. மின்சாரம் அடிக்கடி போகும், ஜெனரேட்டர் கிடையாது. மீன் குழம்பில் கடுகெண்ணெய், முதல் நாள் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். மேற்கத்திய கழிவறை இருக்கிறதா, அறை தரைத்தளமா என்று இரண்டையும் போனிலேயே கேட்டுவிட்டோம். முட்டிவலிக்காரர் வரும்போது மற்றதெல்லாம் அப்புறம்.

இருந்தும் நான் ஹோம்ஸ்டே பக்கம்தான். ரிசார்ட் கடலில் கிடப்பவர்களுக்கானது. எங்கள் வீட்டில் கடலில் இறங்காதவர் ஒருவர் இருந்தார், பகலில் பாதியை அவர் தங்குமிடத்தில்தான் கழிக்க வேண்டும். ரிசார்ட் குடிலில் என்றால் ஏசியும் டிவியும்தான் துணை. இங்கே மாமியார் வீட்டுக்காரம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமலே, கத்தரியில் பூச்சி விழுவதைப் பற்றி ஒரு மதியம் முழுக்கப் பேசினார். நாங்கள் நிம்மதியாக லட்சுமண்பூர் கடற்கரை மணலில் இருந்தோம்.

போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். பொங்கல் விடுமுறையில் சம்பா அறுவடை குறுக்கே நிற்கும் வீடுகளுக்கு, பரீட்சை முடிந்த ஏப்ரல் கடைசியே வாய்ப்பு. மே மூன்றாவது வாரத்தை ஒட்டி அங்கே பருவமழை தொடங்கிவிடும், அதற்குள் திரும்பிவிடுங்கள். எங்கள் மயிலாடுதுறைப் பக்கமிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் போகிறவர்கள் சென்னை எழும்பூர் வரை போகவேண்டாம், தாம்பரத்திலேயே இறங்கினால் விமான நிலையம் கிட்ட.

கடைசி இரவை மட்டும் நகரத்து ஹோட்டலில் வையுங்கள். கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், விமானம் நமக்காகக் காத்திருக்காது. நாங்களும் அப்படித்தான் செய்தோம். மறுநாள் காலை பக்கத்துக் கடையில் இட்லி கிடைத்தது. மாமியார் நாலு சாப்பிட்டுவிட்டு ஐந்தாவதைக் கேட்டார்.