ரக்டர் பெட்டிக்கு 50 வொட் சோலர் செற்: பனல் பரவாயில்லை, கொன்ட்ரோலரில்தான் கவனம்

யானைக் காவலுக்கு வயலோரம் நிற்கும் ரக்டர் பெட்டியில் 100 அம்பியர்-மணிப் பற்றறி ஒன்றும் இரண்டு எல்ஈடி லைற்றும் வைத்திருப்பவர்களுக்கென்று கடைக்காரர் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் இந்தச் செற்றைத்தான். ஒரு 50 வொட் பனல், பற்றறிக்கு ஏறும் கரண்டைக் கட்டுப்படுத்தும், இரண்டு யூஎஸ்பி ஓட்டையுள்ள நீல நிறப் பிடபிள்யூஎம் (மலிவு வகை) கொன்ட்ரோலர், ஐந்து மீற்றர் மெல்லிய வயர். அறுவடை முடிந்து சும்மா நிற்கும் பெட்டியின் பற்றறி செத்துப்போகாமல் காக்க இது தாராளம். இரவெல்லாம் லைற் எரிக்கப் போதாது.

கணக்குப் பார்த்தால் விளங்கும். நல்ல வெயிலில் இந்தப் பனல் தருவது 2.8 அம்பியர் அளவு. நாளுக்கு ஐந்து மணித்தியால முழு வெயில் என்று வைத்தால் 14 அம்பியர்-மணி, ஏற்றும்போது போகும் வீணைக் கழித்தால் 12. 10 வொட் லைற் இரண்டு, மாலை 7 மணி தொடங்கி விடிய 5 மணிவரை எரிந்தால் 16 போய்விடும். ஒவ்வொரு இரவும் 4 கடன். இரண்டு கிழமைக்குள் பற்றறி பாதிக்குக் கீழே. கார்த்திகை, மார்கழி மழையில் இதுவும் கிடையாது. காவலுக்கு என்றால் 100 வொட் பனல் எடுங்கள், அல்லது ஒரு லைற்றோடு நிறுத்துங்கள்.

பனலைப் பெட்டியில் படுக்க வைத்தாலும் வன்னியில் பெரிய நட்டமில்லை, சூரியன் உச்சியில்தான் போகிறது. ஆனால் பதரும் புழுதியும் அங்கேயே தங்கும். தெற்குப் பக்கம் பத்துப் பாகை சரித்தால் மழையே கழுவிவிடும். கீழே மூன்று நான்கு சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். சூடேறச் சூடேற உற்பத்தி குறையும். ஒரு பனையோலை நிழல் குறுக்கே விழுந்தாலே கரண்ட் பாதியாகலாம். மூட்டை ஏற்றும் காலத்தில் கழற்றி வைக்கக்கூடியதாகப் பிணைச்சல் போட்டுக்கொள்வது நல்லது.

இனிக் கொன்ட்ரோலர். முதலில் பற்றறி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல். மாறிச் செய்தால் வெறும் பனலின் 22 வோல்ட்டைப் பார்த்து இது 24 வோல்ட் பற்றறி என்று எடுத்துக்கொள்ளும். பற்றறி வகையையும் நீங்களே தெரிவுசெய்ய வேண்டும்: இந்த மலிவு ரகங்களின் திரையில் வழமையாகப் பி1 என்றால் மூடிய பற்றறி, பி2 ஜெல், பி3 தண்ணீர் விடுவது. பற்றறி இறங்கும்போது லோட்டை, அதாவது லைற்றை, நிறுத்தும் அளவு 10.7 வோல்ட்டில் வருகிறது. அது பற்றறிக்கு ஆபத்து. 11.8க்கு உயர்த்துங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இந்த மலிவுக் கொன்ட்ரோலர்களில் பொதுவாக நேர் முனைகள்தான் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும். கட்டுப்பாடு எதிர் வயரில் நடக்கிறது. பற்றறியின் எதிர் முனை பெட்டிச் சட்டத்தில் கட்டப்பட்டிருக்க, பனலின் எதிர் வயரும் அதே இரும்பில் பட்டால் கொன்ட்ரோலரைத் தாண்டிக் கரண்ட் நேரே ஓடும். பற்றறி கொதிக்கும், தண்ணீர் வற்றும், பிழை பற்றறிக் கடைக்காரர் தலையில் விழும். அதனால் பனல் வயர் இரண்டையும் சட்டத்தில் படாமல் தனித்தனியே கொண்டுவாருங்கள். லைற்றின் எதிர் வயருக்கும் இதே விதி.

செற்றோடு வரும் வயரைக் குப்பையில் போடலாம். 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் ஐந்து மீற்றருக்கு 0.2 வோல்ட் மட்டுமே குறையும், 0.75இல் 0.6க்கு மேல். பற்றறியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 அம்பியர் பியூஸ். கிரவல் வீதியில் குலுங்கி இறுக்காணிகள் தளரும், ஆகவே வயர் நுனிக்குக் குழாய்முனை நசுக்கிப் போட்டு மாதம் ஒருமுறை இறுக்குங்கள். கொன்ட்ரோலரைப் பற்றறி இருக்கும் மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டாம், வெளிவரும் வாயு தீப்பிடிக்கும்.

கொன்ட்ரோலரின் திரையில் பகலில் தெரியும் 13 வோல்ட்டில் ஏமாற வேண்டாம். லைற் நின்று இரண்டு மணித்தியாலம் கழித்து, வெயில் ஏறமுன் மல்டிமீற்றரால் பாருங்கள்: 12.7 நிறைவு, 12.2 பாதி. வன்னிச் சூட்டில் சூட்டுக்கேற்ப வோல்ட்டைக் குறைக்காத கொன்ட்ரோலர் அளவுக்கு மேல் ஏற்றும், ஆகவே தண்ணீர் மட்டத்தை இரு கிழமைக்கொருமுறை பாருங்கள். விடுவது வடித்த நீர். கிணற்றுத் தண்ணி வேண்டாம், அதில் சுண்ணாம்பு அதிகம்.

பனல் வாங்கும்போது கடை வாசலில் வெயிலில் பிடித்து, மல்டிமீற்றரின் 10 அம்பியர் நிலையில் இரு முனைகளையும் நேரே தொடுங்கள். நண்பகலில் 3க்குக் கிட்ட வரவேண்டும். 1.5 வந்தால், லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் அது 25 வொட்.