ஹட்டனில் பென் டிரைவ் நிரப்பித் தரும் கடையும் ஃபுமிதாவின் ஏழு வருசமும்

டவுனில் உள்ள ஒரு கொமியூனிகேஷன் கடையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் போடவில்லை, ஹட்டன் பக்கம் இருப்பவர்களுக்கு ஆளைத் தெரிந்திருக்கும். போட்டோகொப்பி, ரீலோட், லெமினேட்டிங் எல்லாம் செய்கிற கடைதான், கூடவே கேட்கிற வீடியோவை இறக்கி பென் டிரைவில் ஏற்றியும் தருவார்கள். மழை பிடித்தால் எங்கள் தோட்டத்தில் சிக்னல் அவ்வளவுதான், ஆறு நிமிட மேட்ச் ஒன்றைப் பார்க்கவே வட்டம் சுற்றிச் சுற்றிப் பாதி ராத்திரி போய்விடும், அதனால் இப்படி ஒரு கடை இருப்பது பெரிய விசயம்.

நான் கேட்டது ஜப்பான்காரர் கெனிசிரோ ஃபுமிதாவின் மேட்ச்கள். கிரேக்க-ரோமன் மல்யுத்தம், 60 கிலோ, ஒலிம்பிக்கில் அந்தப் பாணியில் இருப்பதிலேயே குறைந்த எடை. மல்யுத்தம் என்று சொன்னதும் கடைக்கார அண்ணன், "யாரு தம்பி, ஜோன் சீனாவா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, நம்ம ஊரில் ரெஸ்லிங் என்றால் டிவியில் வரும் அந்த ஷோதான். ஒரு தாளில் வருசமும் ஊரும் எழுதிக் கொடுத்தேன்: 2017 பாரிஸ், 2019 நூர்-சுல்தான், 2021 டோக்கியோ, 2022, 2023 பெல்கிரேட், 2024 மறுபடி பாரிஸ்.

ஒரு நாளில் தந்துவிட்டார். செலவு ஒரு பிளேன்டீயும் ரெண்டு வடையும் சாப்பிடுகிற அளவுதான், கொடுத்த சல்லிக்கு மோசமே இல்லை. படம் தெளிவு, ஃபைல் ஒன்றுகூட கெட்டுப்போகவில்லை. ஆனால் வந்ததில் பாதி ஹைலைட்ஸ், என் குறை அங்கேதான்.

கிரிக்கெட்டுக்கு ஹைலைட்ஸ் போதும், இந்த விளையாட்டுக்குப் போதாது. இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலைப் போட்டுத் தடுக்கவும் கூடாது, அதனால் பெரும்பாலான நேரம் ரெண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு முட்டி, கையை உள்ளே நுழைக்க இடம் தேடிக்கொண்டே நிற்பார்கள். யாராவது சும்மா தள்ளிக்கொண்டிருக்கிறார் என்று நடுவர் நினைத்தால் எதிராளிக்கு ஒரு புள்ளி, அப்புறம் சும்மா தள்ளியவரைக் குப்புறப் படுக்கவும் வைப்பார். மேலே இருப்பவர் இடுப்பைச் சுற்றிக் கையைப் பூட்டி ஒரு தடவை உருட்டினால் 2 புள்ளி. பல மேட்ச்கள் அங்கேயே முடிந்துவிடும். கிளிப்பில் அந்த உருட்டல் மட்டும் வரும், அதற்கு முன் யார் யாரை எப்படிக் களைக்க வைத்தார் என்பது வராது.

ஃபுமிதாவின் கதையே அந்த வெட்டிப்போட்ட நிமிடங்களில்தான் இருக்கிறது. 2017இல் 21 வயசில் 59 கிலோவில் உலக சாம்பியன், 2019இல் 60 கிலோவில் மறுபடியும். முதுகை வில்லாக வளைத்து ஆளைத் தலைக்குப் பின்னால் வீசுவார். அந்த வளைவுக்கும் பூனை மேல் உள்ள பிரியத்துக்கும் சேர்த்து ஜப்பானில் அவருக்குப் பூனைப் பட்டம். அப்பாவே மல்யுத்தப் பயிற்சியாளர். இவ்வளவு இருந்தும் டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கியூபாவின் லூயிஸ் ஒர்டாவிடம் 5-1 என்று தோற்று, சொந்த மண்ணில் அழுதுகொண்டு பேட்டி கொடுத்தார். அந்த மேட்ச் எனக்கு நாற்பது செக்கனாக வந்திருந்தது! அதில் என்ன புரியும்?

2022 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். 2023 உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் கிர்கிஸ்தானின் ஷோலமான் ஷர்ஷென்பெகோவிடம் தோல்வி. பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் அதே ஷர்ஷென்பெகோவ் எதிரே வந்தபோது ஜெயித்தார். அதுவும் இறுதியும் முழுசாக வந்திருந்தன, அதற்காகவே அண்ணனுக்கு ஒரு கும்பிடு. இறுதியில் சீனாவின் சாவ் லிகுவோவை 4-1 என்று வென்றார். கிரேக்க-ரோமனில் 1984க்குப் பிறகு ஜப்பானுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம், நாற்பது வருசம். என்னைக் கேட்டால் தங்கத்தைவிட அந்த அரையிறுதிதான் பெரிசு.

திரும்பப் போய் ஹைலைட்ஸ் விசயத்தைச் சொன்னேன். முகம் சுளிக்காமல், "முழு மேட்ச் என்று தாளில் எழுதியிருந்தால் அப்பவே போட்டிருப்பேனே தம்பி" என்று டோக்கியோவை மட்டும் சல்லி வாங்காமல் மாற்றித் தந்தார். சின்ன இழுபறி ஒன்று: நாள் முழுக்க நடந்த போட்டியின் ஒரே பெரிய பதிவு ஏறவில்லை. பழைய டிவிக்காக பென் டிரைவை ஃபேட்32 முறையில் வைத்திருந்தேன், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாகப் போகாது. அதையும் அவரே ரெண்டாக வெட்டிப் போட்டார்.

ஃபைல் பெயர்கள் மட்டும் குப்பை. எல்லாமே 'ரெஸ்லிங் 1', 'ரெஸ்லிங் 2' என்றே இருக்கும், வருச வரிசையும் கிடையாது. போகிறவர்கள் 'முழு மேட்ச்' என்று பெரிசாக எழுதிக் கொடுங்கள், சனிக்கிழமை மட்டும் வேண்டாம், ரீலோட் போட வருகிற கூட்டத்தில் கடைக்குள் கால் வைக்க முடியாது.