கலிஃபோர்னியாவில் மாணவர் பிரதிநிதி: எந்த நாற்காலி?

கலிஃபோர்னியாவில் உயர்கல்வி நிர்வாகக் குழுவில் உட்கார நினைக்கும் மாணவருக்கு உள்ள இடங்களில் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் ரீஜென்ட்ஸ் குழு. 26 பேரில் ஒருவர் மாணவர், 1975 முதலே இந்த இடம் இருக்கிறது, கட்டண உயர்வு பற்றிய தீர்மானம் வந்தாலும் மற்றவர்களைப் போல அவருக்கும் முழு ஓட்டு. ஆனால் அவரை மாணவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அந்தக் குழுவேதான் நியமிக்கிறது (இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது). அதோடு முதல் வருடம் ஓட்டில்லாமல் உட்கார்ந்து பழகி, அடுத்த வருடம்தான் ஓட்டு.

இன்னொன்று கம்யூனிட்டி காலேஜ், அதாவது பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி. அதன் நிர்வாகக் குழுவில் நேர் எதிர். அங்கே மாணவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், பதவி ஒரே வருடம், ஆனால் உங்கள் ஓட்டு முடிவைத் தீர்மானிக்காது. சில குழுக்கள் ஆலோசனை ஓட்டாகப் பதிவு செய்யவிடும், அவ்வளவுதான். பொதுமக்களை அனுமதிக்காத மூடிய கூட்டம் தொடங்கினால் எழுந்து வெளியே போக வேண்டும். சரி, அப்புறம் எதற்கு அந்த இடம்? பட்ஜெட் நேரத்தில் நூலக நேரத்தைக் குறைப்பது ஏன் என்று உறுப்பினர்களின் முகத்துக்கு நேரே கேட்கலாம், அது கூட்டக் குறிப்பிலும் ஏறும். இரண்டே வருடம் படித்துவிட்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவருக்கு இதுவே போதும் என்பேன். முடிவையே மாற்ற வேண்டும் என்பவர் மட்டும் ரீஜென்ட்ஸ் பக்கம் போகட்டும்.